நெட்பிஎஸ்டியில் பஸ் டிரைவர் எழுதுதல்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

கிளிநொச்சியில் எங்கள் வேலைத்தளத்துக்கு வந்து சேரும் கணினிகளில் பெரும்பாலானவை வேறெங்கோ பாவித்துக் கழித்தவை. இன்டெல் மேசைக்கணினி வரும். பழைய பவர்பிசி மெக் வரும். ஆர்ம் போர்டும் வரும். பரந்தன் பக்கத்து வாய்க்கால்களில் வைத்துள்ள நீர்மட்டக் கருவிகளின் தரவை வாங்கும் அட்டைக்கு, கிடைக்கிற இயந்திரம் எதுவானாலும் ஒரே டிரைவர் (அட்டையை இயக்கும் மென்பொருள்) ஓட வேண்டும் என்பதே எங்கள் தேவை. அதற்காக, பலவகைக் கணினிகளில் ஓடும் நெட்பிஎஸ்டி இயங்குதளத்தின் பஸ் ஸ்பேஸ், பஸ் டிஎம்ஏ என்னும் இரண்டு இடைமுகங்களையும் பல ஆண்டுகளாக நம்பியிருக்கிறேன். முதலாவது, அட்டையின் ரெஜிஸ்டர்களை (அதைக் கட்டுப்படுத்தவும் நிலையை அறியவும் உள்ள சிறு சேமிப்பிடங்கள்) அணுகுவதற்கு. இரண்டாவது, டிஎம்ஏக்கு, அதாவது செயலியின் வழியாகப் போகாமல் அட்டையே நினைவகத்தில் எழுதுவதற்கும் வாசிப்பதற்கும். 1998 இல் வெளிவந்த 1.3 பதிப்பிலேயே இரண்டும் இருந்தன.

பஸ் ஸ்பேஸின் அடிப்படை, டிரைவரின் கையில் நேரடி முகவரியைக் கொடுக்காமலிருப்பதுதான். எந்தப் பஸ் (அட்டையைக் கணினியுடன் இணைக்கும் பாதை) என்பதை ஒரு டேக் சொல்லும். அதில் எந்தப் பகுதி என்பதை ஒரு ஹேண்டில் சொல்லும். டிரைவர் தருவது ஆஃப்செட், அதாவது அந்தப் பகுதியின் தொடக்கத்திலிருந்து உள்ள தூரம், மட்டுமே. இன்டெல்லில் ஐஓ போர்ட்டுக்கென்று (நினைவகத்திலிருந்து தனியான சாதன முகவரி) தனிக் கட்டளைகள் உண்டு, ஆர்மில் எல்லாமே நினைவக முகவரிதான், ஆனால் அந்த வேறுபாடு டிரைவரின் உட்பகுதிக்குத் தெரிய வேண்டியதில்லை. சீரியல் போர்ட்டுக்கான 16550 சில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் லைன் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர் பிசியில் 5ஆவது பைட்டில் இருக்கும். ரெஜிஸ்டர்களை 4 பைட்டுக்கு ஒன்றாக அடுக்கிய ஆர்ம் சில்லுகளில் அதுவே 20ஆவது பைட்டுக்குப் போய்விடும். நெட்பிஎஸ்டியில் இந்தச் சில்லுக்கான காம் டிரைவர் இந்த இடைவெளியை, ஒவ்வொரு பஸ்ஸுக்கும் தனியாக உள்ள இணைப்புக் கோப்பிடம் விட்டுவிட்டு, சில்லின் நடத்தையை மட்டும் பொதுக் கோப்பில் வைத்திருக்கிறது. நான் பார்த்தவற்றுள் மிக நேர்த்தியான பிரிப்பு இது.

பைட் வரிசையில் கவனம் வேண்டும். அட்டைகள் செருகப்படும் பிசிஐ பஸ் லிட்டில் எண்டியன் (எண்ணின் சிறிய மதிப்புள்ள பைட் முதலில்), பவர்பிசி மெக் பிக் எண்டியன் (பெரிய மதிப்புள்ள பைட் முதலில்). பஸ் ஸ்பேஸின் சாதாரண வாசிப்பு மதிப்பைப் புரவலனின் (டிரைவர் ஓடும் கணினியின்) வரிசைக்கு மாற்றித் தரும். ஸ்ட்ரீம் வாசிப்பு மாற்றாது. ரெஜிஸ்டருக்கு முதலாவதையும், பொதியாக வரும் தரவுக்கு இரண்டாவதையும் பாவிக்க வேண்டும்.

உண்மையான சோதனை டிஎம்ஏயில்தான் வருகிறது. இன்டெல் கணினிகளில் அட்டை நினைவகத்தில் எழுதியதைச் செயலியின் கேஷ் (நினைவகத் தரவின் பிரதியை வைத்திருக்கும் விரைவு நினைவகம்) தானாகவே அறிந்துகொள்வதால், இரண்டையும் ஒத்திசைக்கும் சின்க் அழைப்பை விட்டுவிட்டாலும் டிரைவர் பெரும்பாலும் ஓடிவிடும். பல ஆர்ம் போர்டுகளில் அப்படியில்லை. வாசிப்புக்கு முன்னும் பின்னும் சின்க் செய்யாவிட்டால் பழைய நீர்மட்டமே புதியதுபோல் வரும். அந்த அழைப்பு கேஷுக்கு மட்டும் உரியதும் அன்று. பழைய ஐஎஸ்ஏ பஸ்ஸின் டிஎம்ஏ நினைவகத்தின் முதல் 16 எம்பிக்கு மேல் எட்டாது என்பதால் இடையில் ஒரு பவுன்ஸ் பஃபர் (எட்டும் பகுதியில் உள்ள தற்காலிக இடம்) வைக்கப்படும்போது, தரவைப் பிரதியெடுப்பதும் இதே சின்க்தான். ஆகவே இன்டெல்லில் மட்டும் ஓட்டிப் பார்த்த டிரைவரை நான் முடிந்த வேலையாக எண்ணுவதில்லை.

குறைகளும் உண்டு. லினக்ஸ் டிரைவரை அப்படியே கொண்டுவர முடியாது. அங்கே இதே கருத்துகள் வேறு வடிவில் உள்ளன. கையேடு துல்லியமானது, ஆனால் புதியவர்களுக்கு எடுத்துக்காட்டுகள் போதாது. குறிப்பாக, பஸ் ஸ்பேஸின் பேரியர் அழைப்பு, வாசிப்பும் எழுத்தும் நடக்கும் வரிசையைத்தான் காக்கும். எழுதியது அட்டையைச் சேர்ந்துவிட்டது என்று உறுதி சொல்லாது. அதனால் இன்டரப்டை (அட்டை செயலிக்கு அனுப்பும் அழைப்புச் சைகை) நிறுத்தும் ரெஜிஸ்டரை எழுதியவுடன் அதே அட்டையின் ஒரு ரெஜிஸ்டரை வாசித்துவிடுவது என் வழக்கம். செயலிக்கும் பிசிஐ பஸ்ஸுக்கும் இடையிலுள்ள பாலத்தில் தேங்கி நிற்கும் எழுத்து அந்த வாசிப்புக்கு முன்னர் அட்டையைச் சேர்ந்தே ஆக வேண்டும்.