முகச் சுருக்கத்துக்கு ஊசியா, லேசரா, ராத்திரிக் களிம்பா?

விடிகாலையில் மாட்டுத்தாவணியில் மல்லிகை எடுத்து, உச்சி வெயில் வரை தெருவோரம் உட்கார்ந்து கட்டி விற்பவர் என் மதினி. வயது 51. ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். "முகத்துல இந்தக் கோடெல்லாம் குறைஞ்சாப் போதும். எது நல்லதுன்னு நீயே சொல்லு" என்று மாசி மாதம் கேட்டார். ஆறு மாதம் கையில் இருந்ததால் எல்லாவற்றையும் நிதானமாக ஒப்பிட முடிந்தது.

முதலில் கண்ணாடி முன்னால் நிற்க வைத்தேன். புருவத்தைச் சுளித்தால் விழுந்து, விட்டதும் மறைகிற கோடு தசை இழுப்பதால் வருவது. சும்மா இருக்கும்போதும் தெரிகிற மெல்லிய கோடு தோலிலேயே பதிந்துவிட்டது. மூக்கோரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் மடிப்பு, கன்னம் வற்றித் தளர்வதால் வருவது. மூன்றுக்கும் மூன்று வைத்தியம். இதைப் பிரிக்காமல் காசு கட்டினால் ஏமாற்றம்தான்.

சுளிப்புக் கோட்டுக்கு போடாக்ஸை மிஞ்ச எதுவும் இல்லை. கனடாவில் கண் டாக்டர் ஜீன் கரூதர்ஸ் இமைத் துடிப்புக்குப் போட்ட ஊசிதான் இது. ஒரு நோயாளிக்குப் புருவக் கோடும் சேர்ந்து மறைந்ததைக் கவனித்து, தோல் டாக்டரான கணவரோடு 1992-ல் எழுதினார். அமெரிக்காவில் அழகு சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது 2002-ல். நரம்பு தசைக்கு அனுப்பும் சேதியை இந்த மருந்து தடுக்கிறது. சில நாளில் வேலை தொடங்கும், இரண்டு வாரத்தில் முழுப் பலன், மூன்று நான்கு மாதத்தில் பழையபடி. புருவ நடுவுக்கு வழக்கமான அளவு ஐந்து இடத்தில் மொத்தம் 20 யூனிட். எத்தனை யூனிட் என்று வாய்விட்டுக் கேளுங்கள். சிலருக்கு இமை தொங்கும், சில வாரத்தில் சரியாகும். அதனால் விசேஷத்துக்கு ஒரு மாதம் முன்பே போட்டுக்கொள்வது நல்லது.

மூக்கோர மடிப்பைத் தோலுக்கு அடியில் ஊசி போட்டு நிரப்புவது ஃபில்லர். பலன் உடனே தெரியும், ஆறு மாதம் முதல் ஒன்றரை வருஷம் வரை நிற்கும். ஹையலுரானிக் அமில வகை என்றால் கரைக்க மாற்று ஊசியும் உண்டு. ஆனால் மருந்து ரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் தோல் அழுகலாம், அபூர்வமாகப் பார்வையே போகலாம். பார்லரில் இதைப் போட்டுக்கொள்ளவே கூடாது.

பதிந்த கோட்டுக்குத்தான் போட்டி அதிகம்: பீல் (அமிலம் தடவி மேல்தோலை உரிப்பது), லேசர், டெர்மாரோலர் (நுண்ணிய ஊசிகள் பதித்த உருளையை முகத்தில் உருட்டுவது). இங்கேதான் நம் நிறத்தையும் மதுரை வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். மாநிறத் தோலில் காயமோ சூடோ பட்டால் அந்த இடம் கறுக்கும். எனக்கே நடந்தது. ஒரு பார்லரில் பங்குனிக் கடைசியில் பீல் செய்தார்கள். வெயிலில் போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வைகைக் கரையில் பாதி நாள் நின்றேன். இரண்டு கன்னத்திலும் மங்கு மாதிரி படர்ந்த கருப்பு மறைய எட்டு மாதம் ஆனது. கார்பன் டை ஆக்சைடு லேசர் கோட்டை நன்றாகவே குறைக்கும். ஆனால் அதில் சூடு அதிகம், கறுக்கும் பயமும் அதிகம். டெர்மாரோலர் வெறும் ஊசி முனைதான், சூடு கிடையாது. பலன் மெதுவாக வந்தாலும் நம் தோலுக்கு இதுவே பாதுகாப்பு. மாதம் ஒரு தடவையாக மூன்று நான்கு முறை. எதுவானாலும் ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் முதலிடம் கொடுப்பது வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த, மலிவான ட்ரெட்டினாயின் களிம்புக்கு. 0.025 சதவீதத்தில் தொடங்கி, ராத்திரி பட்டாணி அளவு. முதல் சில வாரம் தோல் உரியும், சிவக்கும். அப்புறம் மூன்று முதல் ஆறு மாதத்தில் மெல்லிய கோடு தணியும். கர்ப்பிணிகளுக்கு ஆகாது. டாக்டர் சீட்டோடு வாங்குங்கள். சீட்டில்லாமல் கேட்டால் ஸ்டீராய்டு கலந்த க்ரீம் கைக்கு வந்துவிடும், அது முகத்தையே கெடுக்கும்.

கூடவே பகலில் சன்ஸ்க்ரீன். மதினியின் ரவிக்கைக் கையை ஏற்றிப் பார்த்தேன். உள்பக்கத் தோல் வழவழவென்று சுருக்கமே இல்லாமல் இருந்தது. முகத்துக்கும் அதே 51 வயதுதான், வித்தியாசம் வெயில். ஆஸ்திரேலியாவில் 903 பேரை நாலரை வருஷம் கவனித்து 2013-ல் வெளிவந்த ஆய்வில், தினமும் தடவியவர்களுக்குத் தோல் முதுமை 24 சதவீதம் குறைவாக இருந்தது.

பெரியாஸ்பத்திரி தோல் பிரிவில் காட்டி, மதினி களிம்பைத் தொடங்கிவிட்டார். புருவ ஊசி ஆடி மாதம், ஒரு தோல் டாக்டரிடம். லேசர் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். நேற்று போனில் கேட்டார்: "இந்த சன்ஸ்க்ரீன் கையோட பூவைத் தொட்டா வாடிருமா?"

"கையைக் கழுவிட்டுக் கட்டுங்க மதினி" என்றேன்.