கியூரியாசிட்டி ரோவரின் சக்கரம்: மணலுக்கு நல்லது, பாறைக்கு ஆகாது

கடையில் கிடைக்காத பொருளுக்கு எதற்கு மதிப்பீடு என்று கேட்கலாம். ரோவர் செய்கிறவர்களுக்கு இதைவிட நன்றாகச் சோதிக்கப்பட்ட சக்கரம் வேறு அமையாது என்பதுதான் பதில். 2012 ஆகஸ்டில் செவ்வாயின் கேல் பள்ளத்தில் இறங்கிய நாசாவின் ஆய்வு வண்டியான (ரோவர்) கியூரியாசிட்டி, இதே ஆறு சக்கரங்களில் 30 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிட்டது. பஞ்சர் ஒட்ட ஆளில்லை, மாற்றுச் சக்கரமும் இல்லை.

முதலில் அளவுகள். விட்டம் 50 செ.மீ., அகலம் 40 செ.மீ. அலுமினியக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்தது. ரப்பர் கிடையாது, காற்றும் கிடையாது. தரையைத் தொடும் தகட்டின் தடிமன் 0.75 மி.மீ. மட்டுமே. அதன் மேல் 19 பட்டைகள் துருத்தி நிற்கின்றன. பொறியாளர்கள் இவற்றைக் கிரவுசர் என்பார்கள். பிடிப்பைக் கொடுப்பதும், எடையில் பெரும்பகுதியைத் தாங்குவதும் இவைதான். ஒவ்வொன்றும் நேர்கோடாக இல்லாமல் 'வி' எழுத்தை அடுக்கியதுபோல் கோணல்மாணலாக ஓடுகிறது. சரிவில் பக்கவாட்டில் வழுக்காமல் இருக்க இப்படி வைத்தார்கள். உள்ளே வளைந்த டைட்டானியம் ஆரங்கள் ஸ்பிரிங் வேலையைப் பார்க்கின்றன. ஆறு சக்கரத்துக்கும் தனித்தனி மோட்டார் உண்டு. முன்னிரண்டும் பின்னிரண்டும் திரும்பும், நடுவிலுள்ள இரண்டும் திரும்பாது.

ஏன் இவ்வளவு மெல்லிய தகடு? கணக்குப் போட்டால் தெரியும். சுற்றளவு 1.57 மீட்டர், அகலம் 0.4 மீட்டர் என்றால் பரப்பு ஏறக்குறைய 0.63 சதுர மீட்டர். ஒரு மி.மீ. தடிமன் கூட்டினால் சக்கரம் ஒன்றுக்குச் சுமார் 1.75 கிலோ, ஆறுக்கும் சேர்த்துப் பத்துக் கிலோவுக்கு மேல் ஏறும். 899 கிலோ வண்டியில் பத்துக் கிலோ என்பது ஓர் அறிவியல் கருவியின் எடை. தவிர, இந்த வண்டிக்குத் தனியாக இறங்குகால் கிடையாது. வானிலிருந்து கயிற்றில் தொங்கவிட்டு இறக்கியபோது தரையைத் தொட்டதே சக்கரங்கள்தான். எனவே அவை அகலமாகவும் இருக்க வேண்டும், அடியையும் தாங்க வேண்டும், எடையும் ஏறக்கூடாது. மணலில் புதையாமல் இருக்கத்தான் அந்த 40 செ.மீ. அகலம். 2009இல் ஸ்பிரிட் ரோவர் மணலில் சிக்கி, மீளாமலேயே நின்றுபோனதை நினைத்தால் அந்தப் பயம் வீண் என்று சொல்ல முடியாது.

2013இல் படங்களைப் பார்த்த குழுவுக்குத்தான் அதிர்ச்சி. சின்னச் சின்ன நெளிவுகள் வரும் என்று முன்பே தெரியும். ஓட்டைகளும் கிழிசல்களும் இவ்வளவு சீக்கிரம் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

சேதம் இரண்டு வழியில் வந்தது. முதலாவது குத்து. கேல் பள்ளத்தில் காற்று அறுத்துக் கூராக்கிய பாறைகள் தரையோடு தரையாகப் பதிந்து நிற்கின்றன. மண்ணில் கிடக்கும் தளர்ந்த கல் சக்கரம் ஏறினால் நகரும், அல்லது அமுங்கும். பதிந்த கல் இரண்டும் செய்யாது. இரண்டு பட்டைகளுக்கு நடுவே அதன் நுனி பட்டால் 0.75 மி.மீ. தகடு என்ன செய்யும்? இரண்டாவது உலோக அயர்ச்சி. தகர டப்பாவின் மூடியை முன்னும் பின்னும் மடக்கிக்கொண்டே இருந்தால் மடிப்பில் முறியுமே, அதே கதைதான். பட்டை சட்டென்று திரும்பும் மூலைகளில் அழுத்தம் குவிகிறது. விரிசல் அங்கே பிறந்து தகட்டில் ஓடுகிறது. ஆக, பக்கவழுக்கலைத் தடுக்க வைத்த கோணமே கிழிசலுக்கு வாசலாகிவிட்டது. வடிவமைப்பில் குறை சொல்லச் சொன்னால் தடிமனுக்கு முன்னால் இந்தக் கோணத்தைத்தான் சொல்ல வேண்டும். தடிமன் எடை கருதித் தெரிந்தே எடுத்த முடிவு, கோணம் அப்படியல்ல.

இதோடு ஓட்டும் முறையும் சேர்ந்துகொண்டது. ஆறு சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுழற்றினால், பாறை மேல் ஏறும் சக்கரம் கடக்க வேண்டிய தூரம் சமதளத்தில் உருளும் சக்கரத்தைவிடக் கூடுதல். அது பின்தங்கும், பின்னால் வருகிறவை அதைப் பாறைக்குள் நெட்டித் தள்ளும். முன் சக்கரங்களும் நடுச் சக்கரங்களும் அதிகம் அடிபட்டு, பின் சக்கரங்கள் தப்பித்தது இதனால்தான். 2014 பிப்ரவரியில் ரோவரைப் பின்னோக்கி 100 மீட்டர் ஓட்டிப் பார்த்ததும் இந்தக் காரணத்துக்காகவே.

இந்தச் சக்கரத்துக்குக் கிடைத்த உண்மையான பழுதுபார்ப்பு மென்பொருள் வழியாக வந்தது. 2017இல் அனுப்பிய இழுவைக் கட்டுப்பாட்டு நிரல், சஸ்பென்ஷன் எந்தக் கோணத்தில் மடங்கியிருக்கிறது என்பதை வைத்து ஒவ்வொரு சக்கரமும் தரையை எங்கே தொடுகிறது என்று கணிக்கிறது. பிறகு ஒவ்வொன்றுக்கும் தனி வேகம் கொடுக்கிறது. பூமியில் நடந்த சோதனையில் முன் சக்கரத்தின் சுமை 20 சதவீதமும், நடுச் சக்கரத்தின் சுமை 11 சதவீதமும் குறைந்தன. ஒரு கிராம் உலோகம்கூடச் சேர்க்காமல் கிடைத்த பலன் இது.

பராமரிப்புக்கு வருவோம். ரோபோக் கையின் நுனியில் உள்ள மாலி கேமராவை வண்டிக்கு அடியில் நீட்டிப் படம் எடுக்கிறார்கள். ஒரே இடத்தில் நின்று எடுத்தால் முழுச் சுற்றும் தெரியாது. கொஞ்சம் உருட்டி, எடுத்து, மறுபடி உருட்டி எடுக்க வேண்டும். 500 மீட்டருக்கு ஒருமுறை என்பதை இடையில் 1,000 மீட்டராக்கினார்கள். 2022இல் புதுச் சேதம் தெரிந்ததும் பழையபடி 500க்கே திரும்பினார்கள். பூமியில் நடந்த ஆயுள் சோதனையின்படி ஒரு சக்கரத்தில் மூன்று பட்டைகள் முறிந்தால் அதன் ஆயுளில் 60 சதவீதம் முடிந்ததாகக் கணக்கு. 2017இல் இடது நடுச் சக்கரத்தில் முதல் முறிவுகள் தெரிந்தன, 2022இல் அதே சக்கரத்தில் 19க்கு 5 போயிருந்தன. வண்டி நிற்கவில்லை. பட்டைகள் போனாலும் விளிம்பிலேயே ஓட்டலாம் என்று சோதித்தும் வைத்திருக்கிறார்கள்.

எங்களுக்கு மிகவும் பிடித்த அம்சம் தகட்டில் வெட்டிய சின்னத் துளைகள். ரோவரைக் கட்டிய நாசா ஆய்வகத்தின் சுருக்கப் பெயரான ஜே, பி, எல் என்ற மூன்று எழுத்துகளை, புள்ளியும் கோடுமான மோர்ஸ் குறியீட்டில் மண்ணில் பதித்துக்கொண்டே போகும். விளையாட்டல்ல. ஒரு சுற்றுக்கு ஒரு பதிவு, எனவே இரண்டு பதிவுகளுக்கு இடையே 1.57 மீட்டர் இருக்க வேண்டும். குறைந்தால் சக்கரம் அவ்வளவு வழுக்கியிருக்கிறது என்று அர்த்தம்.

2021இல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் அடுத்த ரோவர் பெர்சிவியரன்சின் சக்கரத்தை அடுத்த மாடலாகக் கொள்ளலாம். விட்டம் 52.5 செ.மீ., அகலம் சற்றுக் குறைவு, தகடு ஏறக்குறைய ஒரு மி.மீ. கூடுதல் தடிமன். கூர்க்கோணப் பட்டைகளுக்குப் பதிலாக மெல்ல வளையும் 48 பட்டைகள். மூலை இல்லாததால் அழுத்தம் குவிய இடமில்லை, பட்டைகள் நெருங்கியிருப்பதால் கல் நுனி தகட்டில் குத்தவும் வாய்ப்புக் குறைவு. மணலிலும் பிடிப்பு குறையவில்லை. தேர்ந்தெடுக்கச் சொன்னால் தயங்காமல் இதைத்தான் எடுப்போம்.

சோதனைத் தளம் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் சக்கரம் அமையும் என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். பசடேனாவின் சோதனை மைதானத்தில் ஓடும் ஸ்கேர்குரோ என்ற மாதிரி வண்டியின் எடை, செவ்வாயின் குறைந்த ஈர்ப்புக்கு ஏற்பக் கியூரியாசிட்டியின் எடையில் எட்டில் மூன்று பங்கு. எடையைச் சரியாகப் பிடித்தார்கள். ஆனால் ஏவுவதற்கு முந்தைய சோதனைகளில் அசையாத கூர்ப்பாறைகளுக்கு உரிய இடம் இல்லை. சந்திரயான் சோதனைகளுக்கு நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளின் நிலவுப் பாறையை ஒத்த அனார்த்தோசைட் பாறையைத் தேடிப்போய் எடுத்து நிலவு மண்ணாக நொறுக்கியதும் இந்தக் கவலையால்தான். நிலவில் ஓடிய சந்திரயான்-3இன் பிரக்யான் ரோவருக்கு 26 கிலோ எடை, நூறு மீட்டர் சொச்சம் ஓட்டம் என்பதால் தேய்மானம் ஒரு பிரச்சினையாகவே வரவில்லை.

கல்லூரிப் போட்டிகளுக்கு ரோவர் கட்டும் அணிகள் கியூரியாசிட்டியின் சக்கரத்தை அப்படியே நகலெடுப்பதைத் தவிர்க்கலாம். பூமியின் ஈர்ப்பில் அதே எடைக்குச் சுமை இரண்டரை மடங்குக்கும் மேல். பட்டையை வளைவாக வையுங்கள், தகட்டோடு சேரும் இடத்தில் மூலையை உருட்டிவிடுங்கள். சோதிக்கும்போது கூர்க்கற்களை மணலில் சும்மா போடாமல், சிமென்டில் பதித்து அவற்றின் மேல் ஓட்டுங்கள்.