வெள்ளைவால் மானுக்கு .223 போதுமா? ஃபெடரல் ஃபியூஷன் 62 கிரெய்ன் தோட்டா, ரெண்டு சீசன் சுட்டுப் பாத்ததுக்கு அப்புறம்

மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், நான் இருக்கறது டெக்சஸ்ல, சான் ஆன்டோனியோ பக்கம். நம்ம ஊர்ல 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி மான் மேல கைய வெச்சா ஜெயிலு, அது அப்படியேதான் இருக்கணும். இங்க கதை வேற. வருஷா வருஷம் லைசென்ஸ் எடுத்து, அதுல வர்ற டேக்க சுட்ட மான் மேல உடனே கட்டி, சீசனுக்குள்ள, சூரியன் உதிக்கறதுக்கு அரை மணி நேரம் முன்னாடிலேர்ந்து மறைஞ்சு அரை மணி நேரம் வரைக்கும்தான் சுடணும்னு எல்லாத்துக்கும் கணக்கு இருக்கு. நாங்க லானோ கவுண்டில நாலு குடும்பம் சேந்து வேட்டைக்குன்னு ஒரு நெலத்த லீஸ் எடுத்திருக்கோம், கறி முழுக்க வீட்டுக்குத்தான் வருது, ஃப்ரீசர்ல ஒரு வருஷத்துக்கு நிக்கும்.

இந்த ரிவ்யூ எழுதக் காரணம், என்னை மாதிரி சின்ன உடம்பு இருக்கற பொம்பளைங்களும், பிள்ளைங்கள முதல்தடவ கூட்டிட்டுப் போறவங்களும் "உதை கம்மியா இருக்கற துப்பாக்கி எது"ன்னு கேட்டு .223ல (புல்லட்டோட விட்டத்த இன்ச்சுல வெச்சு வந்த பேரு) வந்து நிக்கறாங்க, ஆனா அதுக்கு என்ன தோட்டா வாங்கணும்னு யாரும் சரியா சொல்றதில்ல. எனக்கும் யாரும் சொல்லல, அதுக்கு ஒரு மான் வதைபட்டுச்சு, அத கீழ எழுதறேன்.

என் வீட்டுக்காரரோட .308 ஒரு தடவ சுட்டேன், ரெண்டு நாளு தோள்பட்ட நீலம் பாரிச்சுப் போச்சு. அத விட மோசம் என்னன்னா அடுத்த தடவ ட்ரிக்கர அமுக்கறதுக்கு முன்னாடியே கண்ணு தானா மூடிக்குது, உடம்பு பயந்துடுது, குறி எங்கயோ போகுது. .223ல அந்த உதை கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்குதான். என் பொண்ணு 13 வயசு, அவ கண்ண தெறந்து வெச்சுட்டே சுடறா, தோட்டா பட்டது ஸ்கோப்லயே அவளுக்குத் தெரியுது. மானுக்கு நல்லது பண்றது துப்பாக்கியோட பலத்த விட சரியான எடத்துல படறதுதான்னு நான் நம்பறேன், அதனாலதான் இந்த சின்ன தோட்டாவ விடாம புடிச்சிட்டு இருக்கேன்.

இங்க ஒரு குழப்பத்த தீத்துடலாம். .22ன்னு சொல்ற அணில் முயல் சுடற ரிம்ஃபயர் (அடி விளிம்புல அடிச்சு வெடிக்கற) தோட்டாவும் .223யும் ஒண்ணு கிடையாது. ரெண்டோட விட்டமும் கிட்டத்தட்ட சமம்தான், ஆனா .22 சுமார் 40 கிரெய்ன் (புல்லட் எடைக்கான அலகு) ஈயத்த விநாடிக்கு 1200 அடி வேகத்துல தள்ளும், .223 அத விட கனமான புல்லட்ட 3000 அடி வேகத்துல தள்ளும், ஆற்றல்ல ஒம்போது பத்து மடங்கு வித்தியாசம். டெக்சஸ்ல ரிம்ஃபயர் வெச்சு வெள்ளைவால் மான சுடறது சட்டப்படியே தப்பு, .223 சென்டர்ஃபயர் (அடிப்பக்கத்து நடுவுல அடிச்சு வெடிக்கறது), அதனால ஓகே. ஆனா எல்லா மாநிலத்துலயும் ஓகேன்னு நெனச்சுடாதீங்க. கொலராடோல புல்லட் விட்டம் .24 இன்ச்சுக்கு கீழ இருந்தா மானுக்கு அனுமதி இல்ல, 100 யார்டுல 1000 அடி-பவுண்டு (ஆற்றல அளக்கற அலகு) ஆற்றல் இருக்கணும்னும் விதி. வர்ஜீனியாலயும் .23க்கு கீழ கூடாது. வேற மாநிலத்துல இருக்கறவங்க அந்த வருஷத்து விதிப்புத்தகத்த பாத்துட்டு அப்புறம் வாங்குங்க.

இப்ப அந்த மான் கதை. முதல் சீசன்ல கடைல போய் ".223 குடுங்க"ன்னு கேட்டேன், இருக்கறதுலயே வெலை கம்மியா ஒரு 55 கிரெய்ன் பெட்டி எடுத்துக் குடுத்தாங்க, முனைல பிளாஸ்டிக் மூக்கு வெச்சு பாக்கவே அழகா இருந்துச்சு, ரேஞ்ச்ல 100 யார்டுல மூணு தோட்டாவும் ஒரு நாலணா காசுக்குள்ள விழுந்துச்சு, எனக்கு தல கால் புரியல சந்தோஷத்துல. நவம்பர் ரெண்டாவது வாரம், 80 யார்டு, ஒரு பொட்ட மான் நல்லா பக்கவாட்டுல நின்னுச்சு, முன்சப்பை மேல வெச்சு சுட்டேன். விழல. மூணு கால்ல ஓடுச்சு. மூணு மணி நேரம் மெஸ்கீட் முள்ளுக்குள்ள தேடி, கடைசில ஒரு காஞ்ச ஓடைல உயிரோட படுத்திருந்தத கண்டுபுடிச்சோம், என் வீட்டுக்காரர்தான் முடிச்சு வெச்சாரு. தோல உரிச்சுப் பாத்தா சப்பை எலும்பு மேல ஒரு உள்ளங்கை அகலத்துக்கு கறி கூழாகிக் கெடக்கு, ஒரு ஈயத்துகள் கூட விலாவத் தாண்டி உள்ள போகல. அது நரி, ப்ரெய்ரி நாய் (பேருதான் நாய், அணில் இனம்) மாதிரி சின்ன பிராணிக்குன்னு செஞ்ச வார்மின்ட் தோட்டா, பட்ட உடனே செதறணும்னுதான் அத செய்யறாங்க, அது செய்ய வேண்டியதத்தான் அது செஞ்சுச்சு. பெட்டி மேல சின்னதா எழுதியிருந்தத நான் படிக்கல. அந்த மானோட கண்ணு இன்னும் எனக்கு ஞாபகத்துல இருக்கு.

அதுக்கப்புறம் தேடித்தேடி வாங்கினதுதான் ஃபெடரல் ஃபியூஷன் 62 கிரெய்ன். 62 கிரெய்ன்னா எவ்ளோன்னு கேட்டீங்கன்னா 4 கிராம், நம்ம கணக்குல அரைப் பவுன். ஒரு அரைப் பவுன் மோதிரத்தோட எடைதான் ஒரு மான சாய்க்கப்போகுதுன்னு நெனச்சா அது எப்படி செஞ்சிருக்காங்கங்கறது எவ்ளோ முக்கியம்னு புரியும். சாதாரண தோட்டால ஈயத்துக்கு மேல செம்பு ஒரு சட்டை மாதிரி மாட்டியிருப்பாங்க, பட்ட வேகத்துல சட்டை ஒரு பக்கம் ஈயம் ஒரு பக்கம்னு பிரிஞ்சுடும். இதுல செம்ப மின்முலாம் பூசற மாதிரி ஈயத்து மேலயே படிய வெச்சிருக்காங்க, ரெண்டும் ஒட்டிக்கிட்டு பிரியாம விரியும். பெட்டில போட்டிருக்கற வேகம் விநாடிக்கு 3000 அடி. என் ரைபிள் போல்ட் ஆக்‌ஷன் (ஒவ்வொரு தடவையும் கையால இழுத்து தோட்டா ஏத்தறது), 22 இன்ச் பேரல் (குழல்), லீஸ் கூட்டாளி ஒருத்தர் வேகமானி வெச்சு அளந்தப்ப 2920 வந்துச்சு. 16 இன்ச் பேரல் வெச்சிருக்கறவங்களுக்கு இத விட நல்லாவே கொறையும், கீழ நான் சொல்ற தூரத்துல அதுக்கேத்த மாதிரி கழிச்சுக்கோங்க.

பேரலோட முறுக்கையும், அதாவது புல்லட்ட சுழல வைக்க உள்ள வெட்டியிருக்கற பள்ளம் எத்தன இன்ச்சுக்கு ஒரு சுத்து சுத்துதுங்கறதையும் பாருங்க. பழைய .223 ரைபிள் பலதுல 12 இன்ச்சுக்கு ஒரு சுத்துதான், அதுல 55 கிரெய்னுக்கு மேல போட்டா புல்லட் நேரா பறக்காம தள்ளாடும். என்னோடது 8 இன்ச்சுக்கு ஒரு சுத்து, 62 கிரெய்ன் சுகமா போகுது. பேரல் மேல 1:8, 1:9ன்னு பொறிச்சிருப்பாங்க, அத பாக்காம கனமான தோட்டா வாங்கினா காசு வேஸ்ட். இன்னொண்ணு, துப்பாக்கில .223ன்னு மட்டும் எழுதியிருந்தா 5.56 நேட்டோங்கற ராணுவத் தோட்டாவ அதுல போடாதீங்க, பாக்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ள அழுத்தம் ஏறிடும்.

சரி, தூரம். 100 யார்டுல ஜீரோ பண்ணி, அதாவது குறி வெச்ச எடத்துலயே தோட்டா படற மாதிரி ஸ்கோப்ப சரி பண்ணி வெச்சிருக்கேன், மணல் மூட்டை மேல வெச்சு சுட்டா மூணு தோட்டாவும் ஒன்னேகால் இன்ச்சுக்குள்ள விழுது, அந்த அழகான வார்மின்ட் தோட்டா அளவுக்கு இல்ல, மானுக்கு இதுவே தாராளம்.

60 யார்டுல என் பொண்ணோட முதல் மான். காலைல ஏழு மணிக்கு ஃபீடர் சர்ர்ருன்னு மக்காச்சோளத்த தூவினதும் நாலு மான் வந்துச்சு, அவ கை நடுங்கறத பாத்து பரண்ல பக்கத்துல உக்காந்திருந்த நான் எதுவும் பேசல, அவளே மூச்ச விட்டு நிதானமாகி முன்னங்கால் மடிப்புக்கு ஒட்டின மாதிரி பின்னாடி, அடிவயித்துலேர்ந்து மூணுல ஒரு பங்கு ஒசரத்துல வெச்சா. மான் ஒரு துள்ளு துள்ளி முப்பது தப்படி ஓடி கண்ணு முன்னாடியே சரிஞ்சுடுச்சு. உரிக்கும்போது அந்தப் பக்கத்து தோலுக்கு அடில ஒரு பட்டன் மாதிரி கைல தட்டுப்பட்டுச்சு, கத்தியால கீறி எடுத்தா அந்த புல்லட், காளான் மாதிரி விரிஞ்சு, ஓரமெல்லாம் பூவிதழ் மாதிரி சுருண்டு, செம்பும் ஈயமும் பிரியவே இல்ல. வீட்டுல நகை எடை போடற குட்டி தராசுல வெச்சேன், 3.4 கிராம். ரெண்டு பக்க விலாவையும் நுரையீரலையும் தாண்டியும் அரைப் பவுன்ல பெரும்பகுதி அப்படியே இருக்கு. முதல் சீசன்ல நான் பாத்த அந்தக் கூழுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் பெட்டிக்கு 30 டாலர் சில்லறை குடுக்கறேன், 20 தோட்டா.

92 யார்டுல நான் சுட்டதும் அதே மாதிரிதான், அது வெளிய வந்துடுச்சு, நாப்பது யார்டுக்குள்ள கெடச்சுது.

140 யார்டுலதான் இந்த காலிபரோட (புல்லட் அளவோட) எல்லை எனக்குத் தெரிஞ்சுது. குறி சரி, நுரையீரல்லதான் பட்டுச்சு, ஆனா மான் நூறு யார்டுக்கு மேல சீடர் புதருக்குள்ள ஓடிடுச்சு, தரைல ரத்தம் கிட்டத்தட்ட இல்லவே இல்ல. சுட்ட எடத்துல ஒரு கொத்து முடி, பத்து தப்படி தள்ளி ஒரு கல்லு மேல ஒரு பொட்டு ரத்தம், அவ்ளோதான். உள்ள போன ஓட்டை ஒரு பென்சில் நுழையற அளவு, வெளிய வந்ததும் சுண்டுவிரல் அளவுதான், அது வழியா என்ன பெருசா வடியும்? மண்டி போட்டு டார்ச் அடிச்சு ஒண்ணே கால் மணி நேரம் தேடினோம். செத்துதான் கெடந்துச்சு, சீக்கிரமே செத்திருக்கு, ஆனா மழை வந்திருந்தா கெடச்சிருக்காது. இது ஃபியூஷனோட கொறை இல்ல, .223ன்னாலே ஓட்டை சின்னதுதான்.

200 யார்டுல காகிதத்துல மட்டும்தான் சுட்டிருக்கேன். ஜீரோலேர்ந்து 3 இன்ச்சுக்கு கொஞ்சம் மேல எறங்குது, அத ஸ்கோப்ல சரி பண்ணிக்கலாம், பெரிய விஷயமில்ல. காத்துதான் பிரச்சனை. மணிக்கு 10 மைல் வேகத்துல பக்கத்துலேர்ந்து அடிச்சாலே நாலு இன்ச் ஒதுங்குது, லானோ பொட்டல்ல மதியத்துக்கு மேல 10 மைல் காத்துங்கறது சும்மா வீசற காத்து. ஒரு சின்ன பொட்ட மானோட இதயமும் நுரையீரலும் இருக்கற எடம் எட்டு இன்ச் கூட வராது, நடுவுல வெச்சாலும் நாலு இன்ச் ஒதுங்கினா வயித்துல பட்டுடும். ஆற்றலும் அங்க 800 அடி-பவுண்டு பக்கம் வந்துடுது. 300ல ஒரு அடி எறக்கம், பத்து இன்ச் ஒதுக்கம், வேகம் கொறைஞ்சதால புல்லட்டும் முழுசா விரியாம போகலாம். 300 யார்டுல .223 வெச்சு மான சாய்ச்சேன்னு வீடியோ போடறவங்கள பாத்து ஆசப்படாதீங்க, ஓடிப்போன மானுக்கு யாரும் வீடியோ போடறதில்ல. என் எல்லை 150 யார்டு, காத்து அடிச்சா 100. மான் முழுசா பக்கவாட்டுல திரும்பற வரைக்கும் காத்திருப்பேன், சப்பை எலும்ப தவிர்ப்பேன், திரும்பலன்னா அன்னிக்கு வெறுங்கையோட வீடு.

ஃபியூஷன் கெடைக்கலன்னா என்ன வாங்கலாம்னு லீஸ்ல கேப்பாங்க. வின்செஸ்டர் 64 கிரெய்ன் பவர் பாயின்ட், நாஸ்லர் 60 கிரெய்ன் பார்ட்டிஷன் ரெண்டும் மானுக்குன்னே செஞ்சது. எங்க கூட்டாளி ஒருத்தர் பார்ன்ஸ் 55 கிரெய்ன் முழு செம்பு தோட்டாதான் போடுவாரு, நாலு இதழா விரியும், எடையே கொறையாது, கறில ஈயத்தூளும் கலக்காது. பிள்ளைங்க சாப்படற கறிங்கறதால எனக்கும் அதுல ஒரு கண்ணு இருக்கு, அடுத்த சீசன்ல மாறினாலும் மாறுவேன். கலிஃபோர்னியால இருக்கறவங்களுக்கு வேற வழியே இல்ல, 2019 ஜூலை 1லேர்ந்து அங்க வேட்டைக்கு ஈயமில்லாத தோட்டாதான். ஈயத்தோட்டா போடறவங்க காயத்த சுத்தி ரத்தம் கட்டின கறிய ஒரு சாண் அளவுக்கு தாராளமா வெட்டி எறிஞ்சுடுங்க, வீணாகுதேன்னு பாத்து கொத்துக்கறில சேத்துடாதீங்க.

நம்மாளுங்க நெறைய பேருக்குத் தெரியாத ஒண்ணு, எங்க லீஸ் இருக்கற இந்த ஹில் கன்ட்ரி மேட்டுப் பகுதில நம்ம ஊரு புள்ளிமான் சுத்துது. 1932ல கொண்டாந்து விட்டது, வெளிமானும் அப்படி வந்ததுதான். முதல்தடவ வேலிக்கு அந்தப்பக்கம் புள்ளிமான் கூட்டத்த பாத்தப்ப எனக்கு முதுமலை ரோடு ஞாபகம் வந்து தொண்ட அடைச்சுக்கிச்சு. இங்க அதுக்கு சீசனே கிடையாது, லைசென்ஸ் இருந்தா வருஷம் பூரா சுடலாம். ஆனா வளந்த கெடா 200 பவுண்டு கூட இருக்கும், எங்க லீஸ்ல சுடற வெள்ளைவால் பொட்ட மான மாதிரி ரெண்டு மடங்கு, சாகாம ஓடறதுலயும் கெட்டிக்காரன். அதுக்கு .223 எடுத்துட்டுப் போகாதீங்க. உதை பயமா இருந்தா .243 பாருங்க, 100 கிரெய்ன் புல்லட், .308ல பாதி உதைதான்.

விசால இருக்கறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. எச்-1பி மாதிரி விசால இருந்தா பொதுவா துப்பாக்கியும் தோட்டாவும் வெச்சுக்கவே ஃபெடரல் சட்டம் விடாது, செல்லுபடியாகற வேட்டை லைசென்ஸ் இருந்தா விதிவிலக்கு உண்டு. வக்கீல்கிட்ட கேட்டு பேப்பர கைல வெச்சுட்டு அப்புறம் கடைக்குப் போங்க, நண்பர் துப்பாக்கிதானேன்னு ரேஞ்ச்ல கூட சும்மா எடுத்துடாதீங்க. டெக்சஸ்ல 1971 செப்டம்பர் 2 அன்னிக்கோ அதுக்கு அப்புறமோ பொறந்தவங்க ஹன்டர் எஜுகேஷனும் முடிச்சிருக்கணும்.

கடைசியா வாங்கற விஷயம். அக்டோபர் கடைசில போனா .223ல மான் தோட்டா இருக்காது, வெறும் டார்கெட் தோட்டாதான் ஷெல்ஃப்ல நிக்கும். ஆகஸ்ட்லயே ரெண்டு பெட்டி, உள்மடிப்புல அச்சடிச்சிருக்கற லாட் நம்பர் (ஒரே தடவைல தயாரிச்ச தொகுதியோட எண்) ஒண்ணா இருக்கான்னு பாத்து வாங்கிடுங்க. வேற லாட் மாத்தினப்ப எனக்கு குறி ஒரு இன்ச் இடது பக்கம் போச்சு, அன்னிக்கு ரேஞ்ச்ல பாத்ததால தெரிஞ்சுது. ஒரு பெட்டி ஜீரோ பண்ணவும் பழகவும், இன்னொண்ணுல எங்க ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு சீசனுக்கு ஆறு ஏழு தோட்டாதான் தீருது.