ஒரு வீட்டுக்கு ஒரே தொழிலா? ஆக்சஸின் பலதெரிவுப் புலம்

தலவாக்கலைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிசனில் 212 குடும்பங்கள். மரண உதவிச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். சி.ஆர். கொப்பியில் கிடந்த குடும்ப விபரங்களை இரண்டு வருடத்துக்கு முன் மைக்ரோசொஃப்ட் ஆக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளுக்கு மாற்றினேன். பெயர், லயம் (தோட்டத்து வரிசை வீடு), அடையாள அட்டை இலக்கம் எல்லாம் சிரமமில்லாமல் ஏறின. கை நின்ற இடம் ‘தொழில்’.

முதலில் செய்த படிவத்தில் அதற்குச் சாதாரண கொம்போ பொக்ஸ் வைத்திருந்தேன். அம்பை அழுத்தினால் பட்டியல் இறங்கும், ஒன்றை எடுக்கலாம். மூணாம் லயத்து அக்கா ஒருவரிடம் கேட்டபோது, “எதத் தம்பி சொல்ல?” என்றார். அவருக்குத் தோட்டத்தில் பேர் வேலை, அதாவது நாட்சம்பள வேலை. ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்கு, கிலோக் கணக்கில், கொழுந்து எடுப்பார். வீட்டுக்காரர் லீக்ஸ், கரட் போடுகிறார். மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான். நான் ‘தோட்ட வேலை’ என்று ஒன்றை மட்டும் எடுத்தேன். மற்ற மூன்றும் பதிவிலேயே இல்லாமல் போயின.

சங்கத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. சந்தாவைத் தோட்டச் சம்பளம் வாங்கும் வீட்டில் சம்பளத்தன்று கேட்கலாம். மரக்கறி வீட்டில் லொறி வந்து போன மறுநாள்தான் கேட்கலாம். சாவு விழுந்தால் கொழும்புக்கு யாருக்கு உடனே சொல்லி அனுப்ப வேண்டும் என்பதும் இதில்தான் இருக்கிறது.

அப்புறம்தான், ஒரே இடத்தில் பல தெரிவுகளைப் பதிய விடும் பலதெரிவுப் புலத்தைக் கண்டுபிடித்தேன். ஆக்சஸ் 2007இல், ஏசிசிடிபி கோப்பு வடிவத்தோடு வந்த வசதி இது. மைக்ரோசொஃப்டின் இன்னொரு மென்பொருளான ஷெயார்பொயின்ட்டின் பட்டியல்களோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகக் கொண்டுவந்தார்கள். அதற்கு முந்திய எம்டிபி கோப்பு வடிவத்தில் கிடையாது. தெரிவுப் பட்டியல் அமைக்க உதவும் லுக்கப் விசார்டின் கடைசிப் பக்கத்தில் ‘அலோ மல்டிபிள் வேல்யூஸ்’ என்ற பெட்டிக்குச் சரி போட்டால் போதும். படிவத்தில் பட்டியலை இறக்கும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் சின்னக் கட்டம் தெரியும். வேண்டியதற்கெல்லாம் சரி போட்டு ஓகே அழுத்தினால், ‘பேர் வேலை, கைக்காசு, மரக்கறி, கொழும்பு’ என்று கமா வைத்து ஒரே வரியில் வந்து நிற்கும். அந்த அக்காவின் வீடு அன்றைக்குத்தான் முழுசாகப் பதிவானது. பதியும் வேலைக்கு இதைவிட லேசான வழி நான் பார்க்கவில்லை. இடப்பக்க ஓரத்தில் பென்சில் அடையாளம் தெரியும் வரை அந்தப் பதிவு சேமிக்கப்படவில்லை. அடுத்த பதிவுக்குப் போனதும் தானாகச் சேமிக்கும். மழை தொடங்கினால் கரண்ட் போகும் ஊரில் இது பெரிய உதவி.

எழுத்துப் பிழையும் ஒழிந்தது. கையால் அடித்த காலத்தில் ‘தலவாக்கலை’, ‘தலவாக்கொல்லை’ என்று இரண்டு ஊர் இருந்தது. சில வரிகள் பாமினி என்ற பழைய எழுத்துருவில், சில யுனிகோடில். தேடினால் பாதி வராது. ஆனால் ஒன்று, தெரிவுப் பட்டியலை அந்த விசார்டுக்குள்ளேயே அடித்து வைக்காதீர்கள். பிறகு ஒரு சொல்லைத் திருத்தினாலும், ஏற்கெனவே பதிந்தவை பழைய எழுத்தோடேயே கிடக்கும். தெரிவுகளைத் தனி அட்டவணையில் வைத்து அதிலிருந்து எடுத்தால், ஓரிடத்தில் திருத்தினாலே எல்லா இடத்திலும் மாறும்.

பலரும் குழம்பும் இன்னொரு இடமும் உண்டு. சாதாரண லிஸ்ட் பொக்ஸில் ‘மல்டி செலக்ட்’ என்ற பண்பு இருக்கிறது. அதை மாற்றினால் பலவற்றைத் தெரிவு செய்ய முடியும், ஆனால் எதுவும் புலத்தில் ஏறாது. தெரிவு செய்தவற்றை எடுத்துச் சேமிக்க நாமே நிரல் எழுத வேண்டும். அறிக்கைக்கு வடிகட்ட அது நல்லது, பதிய உதவாது.

சரி, எண்ணும்போது என்ன ஆகிறது? எத்தனை வீட்டில் மரக்கறி என்று கூட்டத்தில் கேட்டார்கள். வினவலில் (பதிவுகளிலிருந்து வேண்டியதை எடுக்கும் ‘குவெரி’) புலத்தின் பெயருக்குக் கீழே ‘வேல்யூ’ என்று இன்னொரு வரி இருக்கும், அதை இழுத்துப் போட்டால்தான் தெரிவுகள் தனித்தனியாகப் பிரியும். பிரித்து எண்ணி எல்லாவற்றையும் கூட்டினேன், 212ஐத் தாண்டி முந்நூற்றுக்கு மேல் போனது. தலைவர் கணக்குப் பிழை என்றே நினைத்தார். ஒரு வீடு நாலு வரியில் வருகிறது என்று விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது.

உண்மையில் மாட்டியது கீழ் டிவிசன் சங்கத்தோடு சேர்ந்தபோதுதான். அங்கே ஒரு டீச்சர் அதே படிவத்தில் அவர்கள் வீடுகளைப் பதிந்து வைத்திருந்தார். ஒரு கோப்பில் இருப்பதை மற்றதில் சேர்க்கும் வினவலுக்குள் பலதெரிவுப் புலத்தை வைக்க ஆக்சஸ் விடாது. சரி, புலத்தைச் சாதாரணமாக மாற்றிவிடலாம் என்றால், ஒருமுறை பலதெரிவாக்கிச் சேமித்ததைத் திருப்பவும் முடியாது. தொடங்கும்போதே நான் யோசித்திருக்க வேண்டும். இரண்டு ராத்திரி இருந்து வேறாகக் கட்டினோம்.

மூன்று அட்டவணை: குடும்பம், பிழைப்பு ‘வழிகள்’, இரண்டையும் இணைக்கும் ‘குடும்ப வழி’. குடும்பப் படிவத்துக்குள் ஒரு துணைப்படிவம், அதில் வரிக்கொரு கொம்போ பொக்ஸ். ஆக்சஸும் பலதெரிவுப் புலத்துக்குப் பின்னால் மறைவாக இதே மாதிரி அட்டவணையைத்தான் வைத்திருக்கிறது, நம் கண்ணுக்குக் காட்டுவதில்லை. நாமே கட்டினால் இன்னொன்றும் கிடைக்கிறது. சரி அடையாளம் ‘கொழும்பு’ என்று மட்டும்தான் சொல்லும். இணைப்பு அட்டவணையில் ‘மகன்’ என்றும் அவனுடைய தொலைபேசி இலக்கத்தையும் எழுதலாம். ராத்திரியில் சாவுச் செய்தி சொல்ல எனக்கு வேண்டியது அந்த இலக்கம்தான்.

காசு கொடுத்து வாங்க முடியாத சங்கங்கள் லிப்ரே ஆஃபிஸ் பேஸைப் பார்க்கலாம், இலவசம். அதில் பலதெரிவுப் புலம் இல்லை, துணைப்படிவம் நன்றாக வேலை செய்கிறது. கோப்புக்குள்ளேயே இருக்கும் உள்ளமைந்த தரவுத்தளத்தைப் பாவித்தால் பதிவோடு கோப்பையும் தனியாகச் சேமிக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

ஒரே ஆள், ஒரே கணினி, பதிந்து பார்ப்பதோடு சரி என்றால் பலதெரிவுப் புலத்துக்கு 5க்கு 4 கொடுப்பேன். இன்னொரு கோப்போடு சேரும் வாய்ப்பு இருந்தால் 2தான்.

போன வாரம் அக்காவின் பதிவைத் திறந்து காட்டினேன். நாலு வரியையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். “கோழி எங்க?” என்றார். வழிகள் அட்டவணையில் ஒரு வரி சேர்த்தேன். இனி மற்ற வீடுகளிலும் அதைக் கேட்க வேண்டும்.