பின்னச் சமன்பாடுகள்: எட்டு வருட டியூஷனில் எனக்குக் கைகொடுத்த முறை

மேற்கு மாம்பலத்தில் வீட்டிலேயே மாலை நேர டியூஷன் எடுக்கிறேன், ஏழாவது முதல் ஒன்பதாவது வரை. பின்னமும் கலப்பு பின்னமும் (2½ போல) வரும் சமன்பாடுகளுக்கு எட்டு வருடமாக ஒரே முறைதான். கலப்பு பின்னத்தைத் தகா பின்னமாக்கு (2½-ஐ 5/2 என்று), பகுதிகளுக்கு, அதாவது பின்னக்கோட்டுக்குக் கீழே உள்ள எண்களுக்கு, மீச்சிறு பொது மடங்கு (மீ.சி.ம) கண்டுபிடி, இருபுறமும் அதனால் பெருக்கு. முன்பெல்லாம் பின்னங்களை அப்படியே வைத்துக் கூட்டிக் கழிக்கச் சொல்வேன். ஒரு கணக்கே ஒரு பக்கத்தை அடைத்துவிடும், எந்த வரியில் தப்பு என்று தேடவும் முடியாது.

போன வாரம் போட்ட கணக்கு இது:

2½ எக்ஸ் − ¾ = 1⅓ எக்ஸ் + 2

பகுதிகள் 2, 4, 3. மீ.சி.ம 12. பெருக்கினால் 30 எக்ஸ் − 9 = 16 எக்ஸ் + 24. பின்னம் எல்லாம் போய்விட்டது. 14 எக்ஸ் = 33, ஆகவே எக்ஸ் = 33/14.

ஆனால் பிள்ளைகள் இந்த முறைக்குள் வருவதற்கு முன்பே சறுக்குகிறார்கள். 2½ எக்ஸ் என்பதை 2 × ½ × எக்ஸ் என்று எடுத்துக்கொண்டு, வெறும் எக்ஸ் என்று எழுதிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2-ஐ ஒட்டி எக்ஸ் இருந்தால் பெருக்கல், 2-ஐ ஒட்டி ½ இருந்தால் கூட்டல். ஒரே உறுப்பில் இரண்டும் வந்தால் குழந்தைக்குக் குழப்பம் வரத்தான் செய்யும். முழு எண்ணைப் பகுதியால் பெருக்கித் தொகுதியை (கோட்டுக்கு மேலே உள்ள எண்ணை) கூட்டு என்று மனப்பாடம் செய்ய வைத்துப் பார்த்தேன். ஒரு மாதம் தாங்கவில்லை.

மூன்றாவது வருடம்தான் வழி கிடைத்தது. "டூ ஒன் பை டூ எக்ஸ்" என்று படித்த பையனிடம், "இதையே தமிழில் சொல்லுப்பா" என்றேன்.

"இரண்டரை எக்ஸ், மிஸ்."

"இரண்டரை லிட்டர் பாலுக்கு எத்தனை அரை லிட்டர் ஆவின் பாக்கெட் வாங்குவே?"

"அஞ்சு."

சொன்ன கையோடு 5/2 என்று அவனே எழுதினான். இரண்டும் அரையும் சேர்ந்ததுதான் இரண்டரை, கூட்டல் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஒன்றேகால், மூன்றேமுக்கால் எல்லாம் அப்படித்தான். மூன்றில் ஒன்றுக்கு இப்படிச் சேர்ந்து வரும் வழக்குச் சொல் இல்லை, அதனால் 1⅓-ஐ "ஒன்றும் மூன்றில் ஒன்றும்" என்று படிக்கச் சொல்கிறேன். அந்த 'உம்' போதும். −2½-ஐ −2 + ½ என்று பிரிக்கும் பிள்ளைகளுக்கும் இதுதான் மருந்து. இரண்டரை ரூபாய் கடன் என்றால் அரை ரூபாயும் கடன்தானே?

இந்த முறையில் இன்னும் இரண்டு இடங்கள் தொந்தரவு தருகின்றன. ஒன்று, 12-ஆல் பெருக்கும்போது பின்னம் இல்லாத 2-ஐ அப்படியே விட்டுவிடுவது. ஒவ்வொரு உறுப்பையும் பென்சிலால் வட்டமிட வைத்ததில் இது நன்றாகக் குறைந்தது. இன்னொன்று (எக்ஸ் − 3)/4-க்கு முன்னால் வரும் கழித்தல் குறி. பின்னக்கோடே அடைப்புக்குறி மாதிரிதான், நீக்கினால் − எக்ஸ் + 3 வரவேண்டும். இதற்கு இன்னும் எனக்கு உறுதியான வைத்தியம் கிடைக்கவில்லை, திரும்பத் திரும்ப எழுத வைக்கிறேன்.

அறிவியல் கால்குலேட்டரையும் ஒரு வருடம் வைத்துப் பார்த்தேன். சமன்பாட்டைத் தீர்க்கும் வசதி 2.357142857 என்று தசமத்தில் காட்ட, ஒரு பெண் 2.35 என்று எழுதி வைத்தாள். பத்தாம் வகுப்பு பொதுத் தேர்வில் எப்படியும் கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை. சரி என்று அதை விட்டுவிட்டு, விடையைக் கையாலேயே சரிபார்க்க வைக்கிறேன். 33/14-ஐ இரண்டு பக்கமும் போட்டால் இடது பக்கம் 36/7, வலது பக்கமும் 36/7. அது வந்த பிறகுதான் நோட்டை மூட விடுவேன்.