சென்னையில் ஐவிஎஃப்: முட்டையைத் திரையில் காட்டிச் சொன்னார்கள்

லண்டனிலிருந்து ஊருக்கு வந்த நேரத்தில் சென்னையிலேயே ஐவிஎஃப் (முட்டையை வெளியே எடுத்து லேப்பில் கருவாக்கும் சிகிச்சை) செய்துகொள்ள நானும் கணவரும் முடிவெடுத்தோம். அம்மா வீடு தாம்பரத்தில் இருப்பதால் சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் கவலையில்லை. காலையில் ரத்தம் கொடுத்தால் மாலைக்குள் வாட்ஸ்அப்பில் ரிசல்ட் வந்துவிடும். அந்த வேகத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் முதலில் போன மருத்துவமனையில், கருமுட்டை எடுத்தபின் தந்த தாளில் ‘எக் குவாலிட்டி சுமார்’ என்று ஒரே வரி. என்ன கோளாறு என்று கேட்டதற்கு, “வயசாகுதில்லம்மா, டோனர் முட்டை யோசிங்க” என்றார்கள், அதாவது வேறொரு பெண் தானமாகத் தரும் முட்டை. கூடவே ஒரு நீண்ட சத்து மாத்திரைப் பட்டியல். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்து போன இடத்தில் லேப்பில் முட்டையையும் கருவையும் கையாளும் எம்பிரியாலஜிஸ்ட் பெண்ணே வந்து உட்கார்ந்து, “அக்கா, இங்க பாருங்க” என்று திரையில் படங்களைக் காட்டினார். இக்ஸி (ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்துவது) செய்வதற்காகச் சுற்றியுள்ள செல்களை நீக்கியிருந்ததால் ஒவ்வொரு முட்டையும் தெளிவாகத் தெரிந்தது. நிஜத்தில் அதன் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். ஓரத்தில் மணி போலச் சின்னதாக ஒன்று ஒட்டியிருந்தால் அது முதிர்ந்த முட்டை. அந்தச் சின்ன உருண்டைதான் போலார் பாடி. இன்னொன்றின் உள்ளே உட்கருவின் (நியூக்ளியஸின்) வட்டம் அப்படியே இருந்தது. அது இன்னும் முதிரவில்லை. ஒன்றில் நடுப்பகுதி கருத்து, துகள் துகளாக இருந்தது. வேறொன்றில் நீர்க்குமிழி மாதிரி வெற்றிடம்.

முதிராமல் போனதையும் தரம் கெட்டதையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது என்று அவர் சொன்னதுதான் எனக்குப் பெரிய விஷயம். நிறைய முட்டைகள் முதிராமல் வந்தால், முட்டையைக் கடைசியாக முதிர வைக்கும் ட்ரிகர் ஊசியின் வகையையோ நேரத்தையோ மாற்றிப் பார்க்க இடமுண்டு. வழக்கமாக ஊசி போட்டு 36 மணி நேரம் அளவில் முட்டையை எடுக்கிறார்கள். வயதால் வரும் குரோமோசோம் கோளாறு வேறு கதை. நாம் தாய் வயிற்றில் இருக்கும்போதே உருவான முட்டைகள் இவை. ஆண்டுகள் போகப் போக குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் புரதம் தளர்ந்து, அவை பிரியும்போது எண்ணிக்கை தப்பிவிடுகிறது. இதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்ல முடியாது. பார்க்க அழகாக இருக்கும் முட்டையிலும் இது இருக்கலாம். ஏஎம்ஹெச் என்ற ரத்தப் பரிசோதனையும் எவ்வளவு முட்டை மீதி இருக்கிறது என்பதைப் பற்றித்தான் சொல்லும், தரத்தைப் பற்றி அல்ல. மாத்திரை வாங்கச் சொன்னவர்கள் இதில் ஒன்றையாவது சொல்லியிருக்கலாம்.

டோனர் முட்டையைக் குறை சொல்லவில்லை, அதனால் குழந்தை பெற்ற தோழிகள் எனக்கு உண்டு. செயற்கைக் கருத்தரிப்பு பற்றிய 2021 இந்தியச் சட்டப்படி இங்கே 23 முதல் 35 வயதுக்குள் இருப்பவர்தான் தானம் தர முடியும், அதுவும் வாழ்நாளில் ஒரே முறை. ஆனால் அந்த முடிவை ஒரு வரித் தாளை வைத்து எடுக்கச் சொல்வது அநியாயம்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்: எத்தனை முட்டை முதிர்ந்தது, எத்தனை கருவுற்றது, எதில் என்ன கோளாறு என்று எழுத்தில், படத்தோடு தருவார்களா? எம்பிரியாலஜிஸ்ட்டிடம் நேரில் பேச முடியுமா? அப்புறம், பேக்கேஜில் ஊசி மருந்தும் கருவை உறைய வைக்கும் செலவும் அடங்குமா என்றும் கேளுங்கள். எங்களுக்கு அடங்கவில்லை.