மின்தடையையும் மின்திறனையும் கணக்கிட ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதுமா?

மின்னணுவியல் படிக்கத் தொடங்குபவர்கள் முதலில் வாங்கும் வகையைச் சேர்ந்தது இந்த டிஜிட்டல் மல்டிமீட்டர். திரையில் 1999 வரை எண் காட்டும், 9 வோல்ட் பேட்டரியில் இயங்கும். எவ்வளவு வரை அளக்கலாம் என்ற எல்லையை, அதாவது ரேஞ்சை, சுழல் சுவிட்சைத் திருப்பி நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். இதன் எல்லா வசதிகளையும் நான் இங்கே எடைபோடவில்லை. மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் இதில் அளந்து, முன்னதைப் பின்னதால் வகுத்து மின்தடையையும், இரண்டையும் பெருக்கி மின்திறனையும் கணக்கிட்டால், கிடைக்கும் விடையை எவ்வளவு நம்பலாம் என்பதை மட்டுமே பார்த்தேன். அதற்கு ஒரே மாதிரியான இரண்டு மீட்டர்களைப் பயன்படுத்தினேன்.

பழுப்பு, கறுப்பு, பழுப்பு, பொன் என்ற வண்ணப் பட்டைகள் கொண்ட, அதாவது 5 விழுக்காடு வரை மாறுபடக்கூடிய ஒரு 100 ஓம் ரெசிஸ்டரை 5.00 வோல்ட் மின்வழங்கியில் இணைத்தேன். ஒரு மீட்டரைத் தொடராக வைத்தபோது அது 49.6 மில்லிஆம்பியர் காட்டியது. ரெசிஸ்டரின் இரு முனைகளில் நேரடியாக வைத்த மற்றொன்று 4.92 வோல்ட் காட்டியது. வகுத்தால் ஏறத்தாழ 99.2 ஓம், பெருக்கினால் 0.244 வாட். கால் வாட் ரெசிஸ்டரை அதன் எல்லை வரை கொண்டுபோய்விட்டோம் என்பதை அந்தப் பெருக்கல் சொல்கிறது, தொட்டால் சுடுவதும் அதனால்தான்.

மின்வழங்கியில் 5.00 இருக்க, ரெசிஸ்டரில் ஏன் 4.92 மட்டுமே இருக்கிறது? மீதி 0.08 வோல்ட்டை மின்னோட்டம் அளக்கும் மீட்டரே எடுத்துக்கொள்கிறது. 200 மில்லிஆம்பியர் ரேஞ்சில் மின்னோட்டம் ஏறத்தாழ 1 ஓம் அளவுள்ள உள்தடையின் வழியே செல்கிறது. அதனுடன் ஃபியூஸின் தடையும் அளக்கும் முனைகளான புரோப்களின் மெல்லிய வயர்களின் தடையும் சேர, மொத்தம் 1.6 ஓம் ஆகிறது. ஒரே மீட்டரை வைத்துக்கொண்டு முதலில் மின்னோட்டத்தை அளந்து, பிறகு அதைக் கழற்றி மின்னழுத்தத்தை அளப்பவருக்கு 5.00 வோல்ட்டும் 49.6 மில்லிஆம்பியரும் கிடைக்கும். அவருடைய விடை 100.8 ஓம். இரண்டு அளவீடுகளும் தனித்தனியே சரிதான், ஆனால் அவை ஒரே சுற்றுக்குரியவை அல்ல. 100 ஓமில் இந்தப் பிழை பெரிதாகத் தெரியாது. 10 ஓம் ரெசிஸ்டரை இதே ரேஞ்சில் இதே முறையில் அளந்தால் விடை 16 விழுக்காடு கூடிவிடும். ஓமின் விதியை மனப்பாடமாகச் சொல்லும் மாணவர்கள்கூட இங்கே தடுமாறுகிறார்கள் என்பதால், இரண்டு மீட்டர்கள் வாங்குவதை நான் ஆடம்பரமாகக் கருதவில்லை.

மிகப் பெரிய தடைகளில் நிலைமை நேர்மாறானது. மின்னழுத்தம் அளக்கும்போது இந்த மீட்டரின் உள்தடை 10 மெகாஓம். 1 மெகாஓம் ரெசிஸ்டருக்கு இணையாக அதை வைத்தால், அதன் வழியேயும் மின்னோட்டம் கசிந்து, விடை ஏறத்தாழ 0.91 மெகாஓம் என்று வரும். அப்போது மின்னழுத்தம் அளக்கும் மீட்டரை ரெசிஸ்டருக்கு மட்டும் வைக்காமல், ரெசிஸ்டரும் மின்னோட்டம் அளக்கும் மீட்டரும் சேர்ந்த தொடரின் இரு முனைகளில் மாற்றி இணைக்க வேண்டும்.

இந்த மீட்டரில் ஓம் ரேஞ்சே இருக்கும்போது இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு 12 வோல்ட், 21 வாட் வாகன பல்பு நல்ல பதில். ஓம் ரேஞ்சில் 0.9 வந்தது, புரோப்களை ஒன்றோடொன்று தொடவைத்தபோது காட்டிய 0.3-ஐக் கழித்தால் 0.6 ஓம். அதை வைத்து மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தால் 240 வாட் என்று வருகிறது! பல்பை எரியவிட்டு அளந்தபோது 12.00 வோல்ட், 1.74 ஆம்பியர், ஆக 6.9 ஓம், 20.9 வாட். டங்ஸ்டன் இழை சூடேறும்போது அதன் தடை பத்து மடங்குக்கும் மேல் உயர்வதை ஓம் ரேஞ்ச் காட்டாது.

துல்லியத்தைப் பொறுத்தவரை, நேர்மின்னழுத்தத்துக்கு 0.5 விழுக்காடு, மில்லிஆம்பியர் ரேஞ்சுக்கு 1.2 விழுக்காடு என்று கையேடு பிழை வரம்பு தருகிறது. வகுத்தாலும் பெருக்கினாலும் இவை கூடி 1.7 விழுக்காடு வரை போகலாம். அதோடு கடைசி இலக்கத்தின் தடுமாற்றமும் சேரும். ஆகவே கால்குலேட்டர் 99.193548 என்று காட்டினாலும் 99 என்று எழுதுவதே நேர்மையானது.

குறைகளில் நான் மிகவும் கவலைப்படுவது 10 ஆம்பியர் துளைக்கு ஃபியூஸ் இல்லாதது. வயரை அதிலேயே விட்டுவிட்டு மின்னழுத்தம் அளக்கப் போனால் அது நேரடியான ஷார்ட் சர்க்யூட். மாறுமின்னோட்டத்தை அளக்கும் வசதியும் இதில் இல்லை. இருந்திருந்தாலும், மோட்டார், எல்.இ.டி. விளக்கு போன்றவற்றில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் கிடைப்பது உண்மையான வாட் அல்ல, அந்தப் பெருக்கலில் உண்மையான வாட் எவ்வளவு பங்கு என்பதைச் சொல்லும் திறன் காரணியும் சேர வேண்டும். வீட்டுச் சாதனங்களின் மின்திறன் தேவைப்படுபவர்கள் சாக்கெட்டில் செருகும் வாட் மீட்டர் வாங்குவதே பாதுகாப்பானது.

இரண்டு மீட்டர்களையும் ஒரே பேட்டரியில் வைத்து ஒப்பிட்ட பிறகே அளக்கத் தொடங்குமாறு பரிந்துரைக்கிறேன். உள்ளிருக்கும் 9 வோல்ட் பேட்டரி தளர்ந்தால் இத்தகைய மீட்டர்கள் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும், அதைத் திரையில் தனியாக ஒரு எண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.